மிருதங்க அறையும் கீழ்வீட்டுத் தூக்கமும்

(நமது சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். செயலாளர் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு இதழுக்காக எழுதித் தந்தேன்.)



உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். பி பிளாக், இரண்டாவது மாடி. 34 வருடம் வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படித்தது பி.காம். எனவே ஒலியியல் பற்றிப் பேச எனக்கு ஏட்டளவில் எந்தத் தகுதியும் இல்லை. செயலாளர் என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம் வேறு. வீட்டுக்குள் ஓர் இசை அறை அமைக்கிறேன் என்று இறங்கி, பணத்தைத் தவறான இடத்தில் கொட்டி, பிறகு தட்டுத் தடுமாறி ஓரளவு சரி செய்தவன் நம் குடியிருப்பில் நான்தான்.

இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஆறாவது பொருள், "வீடுகளில் இசைக்கருவி வாசிப்பதைத் தடை செய்வது". அதற்கு வாக்கெடுப்பு நடக்கும் முன் எனக்கு 20 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தீர்மானம் வரக் காரணமான வீடுகளில் என் வீடும் ஒன்று. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

எப்படி ஆரம்பித்தது

என் மகள் வயிற்றுப் பேரன் எங்களோடு இருக்கிறான். பிளஸ் ஒன் படிக்கிறான். எட்டு வருடமாக மிருதங்கம் கற்கிறான். கொரோனா காலத்தில் வகுப்பு ஆன்லைனுக்குப் போனது. அப்படியே பாதி வகுப்பு ஆன்லைனிலேயே நின்றுவிட்டது. வாசித்ததைப் பதிவு செய்து குருவுக்கு அனுப்ப வேண்டும். ஹாலில் வாசித்தால் குக்கர் விசில், காலிங் பெல், என் மனைவியின் தொலைபேசி எல்லாம் சேர்ந்து பதிவாகும். அதனால் 11 அடிக்கு 10 அடி இருக்கும் சின்னப் படுக்கையறையைக் காலி செய்து அவனுக்குக் கொடுத்தோம்.

அறைக்குள் போன பிறகு அவன் கூடுதலாகவே வாசித்தான். காலை ஐந்தரைக்கே ஆரம்பித்துவிடுவான். எங்களுக்குப் பெருமை. கீழ்வீட்டில் என்ன நடக்கிறது என்று நாங்கள் நினைக்கவே இல்லை.

கீழ்வீட்டில் இருப்பவர் ஒரு நர்ஸ். பெயர் சொல்ல வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி. காலை எட்டரைக்கு வந்து ஒன்பது மணிக்குப் படுப்பார். பகல் பணி இருக்கும் நாட்களில் ஆறு மணி வரை தூங்குவார். ஒரு நாள் மாலை கதவைத் தட்டினார். சண்டை போடவில்லை. "அங்கிள், நேத்து ஒரு பேஷன்ட்டுக்கு மருந்து அளவை ரெண்டு தடவை தப்பா எழுதப் போனேன். கூட இருந்த சிஸ்டர் பாத்துட்டாங்க. எனக்குத் தூக்கம் இல்லை அங்கிள்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

பேரன் உள்ளே இருந்து கேட்டிருக்கிறான். மிருதங்கத்தை உறையில் போட்டு அலமாரி மேல் வைத்துவிட்டான். பத்து நாள் தொடவில்லை. சாப்பிடும்போது மட்டும் இடது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் அந்தப் பெண்ணின் தூக்கம், இன்னொரு பக்கம் இந்தப் பிள்ளையின் எட்டு வருடம். இரண்டையும் ஒரே பேரேட்டில் எப்படி நேர் செய்வது என்பதுதான் என் பிரச்சினையாக இருந்தது.

முதல் தப்பு: ரூ.14,600

விசாரித்தேன். ஒருவர் முட்டை அட்டை ஒட்டச் சொன்னார். இன்னொருவர், கடையில் கிடைக்கும் பிரமிடு வடிவ ஃபோம் ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்றார். நாலு சுவரிலும் ஃபோம் ஒட்டினோம். செலவு 14,600 ரூபாய். அறையைப் பார்க்க சினிமாவில் வரும் ஸ்டுடியோ மாதிரியே இருந்தது. கீழ்வீட்டில் ஒரு வித்தியாசமும் இல்லை.

ஏன் என்று பிறகுதான் புரிந்தது. அறைக்குள் ஒலி எதிரொலிப்பதைக் குறைப்பது ஒரு வேலை. ஒலி அறையை விட்டு வெளியே போகாமல் தடுப்பது முற்றிலும் வேறு வேலை. நடப்புக் கணக்கும் சேமிப்புக் கணக்கும் போல. ஒன்றில் போட்ட பணம் மற்றதில் ஏறாது.

முதல் வேலைக்கு மிருதுவான, தடிமனான, காற்றுப் புகக்கூடிய பொருள் வேண்டும். 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரைக் கூடத்தில் எதிரொலி அதிகமாகி, பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. வாலஸ் சபின் என்ற இளம் பேராசிரியரிடம் அதைச் சரி செய்யச் சொன்னார்கள். அவர் இரவு நேரத்தில், பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து போட்டுப் போட்டு, ஒலி அடங்க எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்தார். மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது. இன்றும் அறைகளுக்கு அவருடைய சூத்திரம்தான் பயன்படுகிறது. ஆனால் அந்த மெத்தைகள் கூடத்துக்குள் இருந்த ஒலியைத்தான் திருத்தின. அடுத்த கட்டடத்துக்குப் போவதைத் தடுக்க மெத்தையால் முடியாது.

இரண்டாவது வேலைக்கு வேண்டியது கனம், இடைவெளி இல்லாத அடைப்பு, ஒன்றோடொன்று ஒட்டாத அமைப்பு. சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினால் ஏறக்குறைய 6 டெசிபெல் கூடுதலாகத் தடுக்கும் என்பது கணக்கு. காதுக்குச் சத்தம் பாதியாகத் தெரிய 10 டெசிபெல் குறைய வேண்டும். ஃபோம் தக்கை மாதிரி எடையே இல்லாத பொருள். அது எதைத் தடுக்கும்?

இதில் ஆபத்தும் உண்டு. சாதாரண ஃபோம், தெர்மாகோல், முட்டை அட்டை எல்லாம் தீப்பற்றக் கூடியவை. 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் ஓர் இரவு விடுதியில் மேடை வாணவேடிக்கைப் பொறி பட்டு, ஒலிக்காக ஒட்டியிருந்த ஃபோம் எரிந்து 100 பேர் இறந்தார்கள். இதைப் படித்த அன்று மாலையே எல்லா ஃபோமையும் பிய்த்து எடுத்தோம். சுவர் பெயின்ட்டும் கூடவே வந்தது.

கீழ்வீட்டில் போய் உட்கார்ந்தேன்

அடுத்துச் செய்ததுதான் உருப்படியான காரியம். நர்ஸ் அம்மாவிடம் அனுமதி கேட்டு, என் மனைவியையும் அழைத்துக்கொண்டு, அவருடைய படுக்கையறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மேலே பேரனை வாசிக்கச் சொன்னேன்.

வலந்தலைச் சொற்கள் ஏதும் கேட்கவில்லை. கேட்டது எல்லாம் இடது பக்கம், தொப்பியில் விழும் 'தோம்'. அதுவும் காதால் கேட்டது என்று சொல்ல முடியாது. தலையணை வழியே நெஞ்சில் இடித்தது. கைப்பேசி ஆப்பில் பார்த்தால் 38 டெசிபெல்தான் காட்டியது. குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்லும் அளவு பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45. அந்த எண்ணை வைத்துப் பார்த்தால் நான் குற்றவாளி இல்லை. ஆனால் இந்த அளவுகள் கனமான கீழ்சுருதிச் சத்தத்தைக் குறைத்தே கணக்கில் எடுக்கும். கைப்பேசி மைக்கும் அதைச் சரியாகப் பிடிக்காது. எண் சரியாக இருந்தது. அந்த அம்மாவின் கண் சிவந்திருந்தது. நான் கண்ணை நம்பினேன்.

அன்றைக்குப் புரிந்த இன்னொரு விஷயம்: சத்தம் இரண்டு வழியாகப் பயணம் செய்கிறது. ஒன்று காற்று வழி. கதவு இடுக்கு, ஜன்னல், காற்றோட்டத் துவாரம். இன்னொன்று கட்டட வழி. மிருதங்கம் தரையில் உட்கார்ந்து வாசிக்கும் கருவி. அதிர்வு நேராகத் தரைத் தளத்தில் இறங்கி, அது கீழ்வீட்டின் கூரை ஆகிவிடுகிறது. வயலின், புல்லாங்குழல், பாட்டு என்றால் பெரும்பாலும் காற்று வழி. மிருதங்கம், டிரம்ஸ், தரையில் வைத்த பெரிய ஸ்பீக்கர் என்றால் கட்டட வழியையும் பார்க்க வேண்டும். எந்த வழி என்று தெரியாமல் செலவு செய்தால் என்னுடைய 14,600 தான்.

என்ன செய்தோம்

ஒரு ஒப்பந்தக்காரர் வந்து, அறைக்குள் இன்னோர் அறை கட்டுவது போல, சுவரைத் தொடாத ஜிப்சம் பலகைச் சுவரும் கூரையும் அமைக்க நாலரை லட்சம் கேட்டார். அதுதான் முழுமையான முறை. ஆனால் 11-க்கு 10 அறை 9-க்கு 8 ஆகிவிடும். ஓய்வூதியத்தில் நாலரை லட்சமும் கிடையாது. இன்னொருவர் உள்ளே ஒரு செங்கல் சுவர் எழுப்பலாம் என்றார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ புழக்கச் சுமைக்குத்தான் கணக்கிடப்படுகின்றன. அரைச் செங்கல் சுவர்கூட ஒரு மீட்டர் நீளத்துக்கே அரை டன்னைத் தாண்டும். கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் தளத்தின் மேல் சுவர் வைப்பது எல்லோர் உயிரோடும் விளையாடுவது.

நாங்கள் செய்தது இவ்வளவுதான்.

முதலில் கதவு. பழையது உள்ளே வெற்றிடமான லேசான கதவு. அடியில் அரை அங்குல இடைவெளி. ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மற்ற 99 பங்கு எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபெல்லுக்கு மேல் தடுக்காது. அதனால் உள்ளே கெட்டியான ஃப்ளஷ் கதவு போட்டு, நாலு பக்கமும் ரப்பர் பட்டை வைத்தோம். அறைக்குள் 88 இருக்கும்போது வெளியே 71 காட்டியது, 57 ஆனது.

இரண்டாவது ஜன்னல். இருந்த ஜன்னலை மாற்றவில்லை. உள்பக்கம் நாலு அங்குலம் தள்ளி இன்னொரு கண்ணாடி. பழையது 5 மி.மீ., புதியது 8 மி.மீ. இரண்டும் ஒரே தடிமனாக இருந்தால் ஒன்று தடுமாறும் அதே சுருதியில் மற்றதும் தடுமாறும். அதனால் வேறு வேறு தடிமன்.

மூன்றாவதுதான் முக்கியம்: மேடை. 6 அடிக்கு 5 அடி. அடியில் கெட்டி ரப்பர் கட்டைகள், அதன் மேல் 19 மி.மீ. பிளைவுட் இரண்டு அடுக்கு, மூட்டு மேல் மூட்டு வராமல். மேலே ஜமக்காளம். அதன் மேல்தான் பேரன் உட்கார வேண்டும். மேடையின் எந்தப் பக்கமும் சுவரைத் தொடக் கூடாது.

மேடை போட்ட அன்று ஆவலோடு கீழே போனேன். 'தோம்' அப்படியே இருந்தது. எனக்கு அழுகையே வந்தது. வங்கியில் மாலையில் ஒரு ரூபாய் டேலி ஆகாவிட்டால், மொத்தக் கணக்கையும் திரும்பத் தட்டுவோம். அதே போல மேடையைச் சுற்றித் தவழ்ந்து பார்த்தேன். தச்சர், மேடை ஆடாமல் இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில், ஒரு மூலையில் எல் வடிவத் தகடு வைத்துச் சுவரோடு ஒரு ஸ்க்ரூ முடுக்கியிருந்தார். மொத்த ரப்பரும் வீண். அதிர்வு அந்த ஒற்றை ஸ்க்ரூ வழியாகக் கட்டடத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. கழற்றிவிட்டுக் கீழே போனேன். நர்ஸ் அம்மா, "ஆரம்பிச்சாச்சா அங்கிள்?" என்று கேட்டார். மேலே ஐந்து நிமிடமாக வாசித்துக்கொண்டிருந்தான்.

உண்மையைச் சொல்ல வேண்டும். முழுக்க நிற்கவில்லை. வீடு அமைதியாக இருக்கும்போது, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் இன்னும் லேசாகத் தெரியும். அதற்கு என்ன செய்தோம் என்று பிறகு சொல்கிறேன்.

அறைக்குள் ஒலி

வெளியே போவதைக் குறைத்த பிறகுதான் உள்ளே பதிவு எப்படி இருக்கிறது என்று பார்த்தோம். வரிசை இதுதான்; மாற்றாதீர்கள்.

வெறும் அறையில் கை தட்டிப் பாருங்கள். 'டிங்' என்று கம்பி அதிர்வது போல ஒரு வால் வந்தால், எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்து போல அடித்துக்கொள்கின்றன என்று பொருள். எங்கள் அறையில் நீளம் 11, அகலம் 10, உயரம் ஒன்பதரை. மூன்றும் நெருங்கிய எண்கள். இப்படிப்பட்ட அறையில் சில கீழ்சுருதிகள் மட்டும் பூதாகாரமாக வீங்கும். வீட்டில் தேர்ந்தெடுக்க இடம் இருந்தால், சதுர அறையை விட்டு நீள் சதுர அறையை எடுங்கள்.

மரச்சட்டத்தில் ராக்வூல் பலகை வைத்து, துணி போர்த்தி ஆறு பலகைகள் நாங்களே செய்தோம். இரண்டை அறை மூலைகளில் குறுக்காக வைத்தோம். கீழ்சுருதி சேரும் இடம் மூலைதான். மற்ற நாலும் பக்கச் சுவரில், சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி. அந்த இடைவெளி இலவசமாகக் கிடைக்கும் தடிமன். ராக்வூலை வெட்டும்போது கையுறை, முகக்கவசம் கட்டாயம். நான் போடாமல் ஒரு நாள் முழுக்கச் சொறிந்தேன். எல்லாச் சுவரையும் மூடாதீர்கள். மிருதங்கத்தின் நாதமே செத்துப்போகும். பேரன் சொன்னது: "தாத்தா, கொஞ்சம் அறை பேசணும்."

மின்சாரத்துக்குத் தனியாக ஒரு பாயின்ட், சரியான எர்த்தோடு. பதிவில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் சிலர் எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்வார்கள். இரைச்சல் போகலாம், உயிரும் போகலாம். பழைய டியூப்லைட் சோக்கும், விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரும்கூட இரைச்சல் தரும், அவற்றை மாற்றினோம்.

கடைசியாகக் காற்று. அடைத்த அறையில் சென்னை வெயிலில் முக்கால் மணி நேரம் உட்கார முடியாது. ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே குளிர்விக்கும். புதுக் காற்று தராது. எனவே 45 நிமிடத்துக்கு ஒரு முறை கதவைத் திறந்து வைப்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஏசி குளிரில் தோல் உலர்ந்து மிருதங்கத்தின் சுருதி ஏறும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வரவு செலவு

கதவு 9,000. ரப்பர் பட்டை 2,400. ஜன்னல் கண்ணாடி 12,000. மேடை 11,500. ஆறு பலகைகள் 9,600. மின்வேலை 4,500. மொத்தம் 49,000 ரூபாய். வீணான ஃபோம் 14,600. ஆக 63,600. என் மனைவி இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பெயின்ட் செலவை நான் சேர்க்கவில்லை என்று கணக்குத் தணிக்கை செய்கிறார்.

எந்த ரசீதும் இல்லாத ஒரு வேலைதான் மிச்சமிருந்த 'தோம்'மைத் தீர்த்தது. நர்ஸ் அம்மாவின் பணி அட்டவணை மாதா மாதம் எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டப்படுகிறது. அவர் இரவுப் பணி முடித்து வரும் நாட்களில் மதியம் மூன்று வரை மிருதங்கம் கிடையாது. மற்ற நாட்களிலும் காலை ஏழுக்கு முன், இரவு எட்டரைக்குப் பின் கிடையாது. பேரனே அதைப் பார்த்துத் தன் நேரத்தை மாற்றிக்கொள்கிறான். பரீட்சை நேரத்தில் அவன் கொஞ்சம் கூடுதல் நேரம் கேட்டபோது, அவர் இரண்டு நாள் தன் அம்மா வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். நாங்கள் கேட்கவில்லை. அந்தக் கடனை எந்த வட்டி விகிதத்தில் அடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

என் வேண்டுகோள்

தடைத் தீர்மானத்துக்கு நான் எதிராக வாக்களிப்பேன். ஆனால் 'என் வீடு, என் இஷ்டம்' என்று சொல்வதற்காக அல்ல. அந்தத் தீர்மானத்துக்குப் பதிலாக மூன்று விதிகளைப் பரிசீலிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, இசைக்கருவி வாசிக்கும் ஒவ்வொரு வீட்டாரும், மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீட்டாரோடு பேசி, நேரத்தை எழுதிச் சங்கத்தில் கொடுக்க வேண்டும். இரண்டு, அறை அமைக்கும் எவரும் சுவர், தளம் இவற்றில் சுமை ஏற்றுவதாக இருந்தால் பொறியாளர் கடிதம் வைக்க வேண்டும். தீப்பற்றும் ஃபோம் கூடாது. மூன்று, புகார் வந்தால், வாசிப்பவர் முதலில் புகார் சொன்னவர் வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது விதி கொஞ்சம் சங்கடமானது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. அந்த நாற்காலியில் உட்காராமல் இருந்திருந்தால், நான் இன்னமும் ஃபோம் வாங்கிக்கொண்டிருப்பேன். அந்த அம்மா வீடு மாறிப் போயிருப்பார். அல்லது பேரனின் மிருதங்கம் அலமாரி மேலேயே இருந்திருக்கும்.

அறை அமைக்க நினைப்பவர்கள் சனிக்கிழமை மாலை ஐந்திலிருந்து ஆறுக்குள் எங்கள் வீட்டுக்கு வரலாம். மேடையையும் பலகையையும் காட்டுகிறேன், அளவுகளைத் தருகிறேன். அந்த எல் தகட்டையும் ஸ்க்ரூவையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், அதையும் பார்க்கலாம். காபி உண்டு.